கிண்டு மோனை, திகதியை மட்டும் சொல்லாதை

மோனை,

வாற ஐப்பசித் தேர்தலிலை ஸ்காபரோப் பக்கம் ரொறன்ரோ நகரசபைக்கு நிக்கப்போறாய் எண்டு கொப்பர் போனிலை சொன்னவர். நல்ல சந்தோசம். எங்கடை பரம்பரையிலை சங்கக்கடை நிர்வாகசபைக்கு மேலை ஒருத்தரும் எட்டிப் பாத்ததில்லை. அதிலையும் உன்ரை பூட்டன் ஒரு வாக்காலை தோத்தவர். அந்த ஒரு வாக்கு ஆற்றை எண்டு கண்டுபிடிச்ச பிறகு பூட்டியோடை கொஞ்சக் காலம் கதை பேச்சில்லை.

கூட்டத்திலை சனம் சப்வேயைப் பற்றிக் கேட்டால் என்ன மறுமொழி சொல்லுறது எண்டு அப்புவிட்டைக் கேக்கச் சொன்னியாம். குறிகட்டுவானிலை வள்ளத்துக்கு நிண்டு நிண்டு தலை நரைச்சவனிட்டை ரயிலைப் பற்றிக் கேக்கிறாய். சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கிறாய். காத்துக் கிடக்கிற விசயத்திலை இறுப்பிட்டியானை ஆரும் வெல்லேலாது.

உங்கை வந்து நிண்ட காலத்திலை அந்தக் குட்டி ரயிலிலை நானும் ஏறினனான். ஸ்காபரோ ஆர்.ரி. எண்டுவியள். கென்னடி நிலையத்திலை நிலத்துக்குக் கீழை சப்வேயாலை இறங்கி, படி ஏறி, பஸ் நிக்கிற தட்டையும் தாண்டி, இன்னொருக்கால் படி ஏறினால்தான் அது நிக்கிற இடம். "கெதியாய் வாங்கோ மாமா, கதவு பூட்டப்போகுது" எண்டு கொம்மா என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினவ. மேலை போனால் காத்து காதைக் கடிக்குது. உள்ளுக்கை ஒரு சீனத்து ஆச்சி தன்ரை கீரைப் பையை என்ரை மடியிலை வைச்சிட்டுக் கம்பியைப் பிடிச்சவதான், இறங்குமட்டும் பையைத் திருப்பி வாங்கேல்லை. ரயில் ஆடின ஆட்டத்திலை கேக்கவும் எனக்கு வாய் வரேல்லை. அண்டைக்கே விளங்கிச்சுது: அந்தச் சனத்துக்கு ரயில் ஓடுறதைவிடக் கென்னடிப் படிக்கட்டுத்தான் வயித்தெரிச்சல் எண்டு.

அந்த ரயில் வந்த கதையைத் தெரிஞ்சுகொண்டு கூட்டத்துக்குப் போ. முதல் போட்ட திட்டம் சாதாரண ட்ராம் வண்டி. அந்தநேரம் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ரை கொம்பனி ஒண்டு புதுவகை ரயில் செய்து உலகத்துக்கு விக்கப் பாத்துக்கொண்டிருந்தது. விக்கிறதுக்கு முதல் ஆற்றையேன் முற்றத்திலை ஓட்டிக் காட்டவேணுமெல்லே? ஸ்காபரோவின்ரை முற்றம் அம்பிட்டுது. நூறு மில்லியன் சொச்சம் எண்டு தொடங்கின கணக்கு, 1985 பங்குனியிலை ஓடத் தொடங்கேக்கை 196 மில்லியன் டொலர். நீளம் 6.4 கிலோமீற்றர், தரிப்பு ஆறு. பனி கொட்டினால் நிண்டிடும். அதே ரயிலை வன்கூவரிலையும் போட்டவை. அங்கை நீட்டி நீட்டி இண்டைக்கும் ஓட்டுகினம். ஸ்காபரோவிலை ஒரு முழமும் நீட்டேல்லை.

(அதே 1985 வைகாசி 15இலைதான் எங்களுக்குக் குமுதினி வள்ளப் படுகொலை. அதை இந்தக் கடதாசியிலை எழுத வரேல்லை. ஆனால் 1985 எண்டு எழுதினால் தீவான் ஒருத்தனுக்கு அது ஞாபகம் வராமல் போகாது.)

இனி புத்தி சொல்லுறன், கவனமாய்க் கேள். அரசியலிலை ரயில் பாதைக்கு மூண்டு பருவம். அறிவிச்சால் கைதட்டு. நிப்பாட்டினாலும் கைதட்டு, காசை மிச்சம் பிடிச்ச வீரன் எண்டு. கட்டி முடிச்சால்தான் வில்லங்கம்: ஏன் பிந்தினது, ஏன் கூடினது, ஏன் மின்னேணி வேலை செய்யேல்லை எண்டு ஆயிரம் கேள்வி. ஆனபடியாலை கெட்டிக்காரன் முதல் ரெண்டோடை நிப்பான்.

நான் புளுகுறன் எண்டு நினையாதை. எக்ளிங்டன் றோட்டிலை 1994இலை மாகாண முதல்வர் பொப் றே ஆட்சியிலை சப்வேக்குக் குழி கிண்டத் தொடங்கினவை. 1995இலை மைக் ஹறிஸ் வந்தார், குழிக்குள்ளை மண்ணைப் போட்டு மூடுவிச்சார். கிண்டினதுக்கும் காசு, மூடினதுக்கும் காசு. பிறகு 2011இலை அதே எக்ளிங்டனிலை இன்னொரு ரயிலுக்குத் திரும்பக் கிண்டினவை. 2020இலை ஓடும் எண்டவை. 2020 வந்தது போனது, 2024உம் வந்தது போனது. அந்தப் பொப் றே ஆரெண்டு கொப்பருக்குத் தெரியும். 2009 ஆனியிலை கட்டுநாயக்காவிலை வந்து இறங்க, உள்ளுக்கை விடாமல் திருப்பி அனுப்பினாங்களே, அந்த மனிசன்தான். பாவம், குழியும் மூடுப்பட்டு வாசலும் மூடுப்பட்ட ஆள்.

இப்ப உன்ரை ஸ்காபரோவுக்கு வருவம். 2007இலை மேயர் டேவிட் மில்லர் ஒரு திட்டம் கொண்டந்தார். நகரம் முழுக்க எல்.ஆர்.ரி. எண்ட இலகு ரயில். பழைய ஆர்.ரியைக் கழட்டிப்போட்டு அந்தப் பாதையிலையே ஓடி, செப்பேர்ட் மட்டும் நீளுற, ஏழு தரிப்பு ரயில் ஸ்காபரோவுக்கு. செலவு 1.8 பில்லியன். முழுக்க மாகாண அரசாங்கத்தின்ரை காசு, நகரசபை ஒரு சதமும் போடத் தேவையில்லை. நான் எண்டால் இரவோடை இரவாய்க் கையெழுத்து வைச்சிட்டு விடியப்பறம் தேங்காய் உடைச்சிருப்பன். ஆனால் நான் அரசியல்வாதி இல்லை.

2010 மார்கழி முதலாந் திகதி றொப் போட் மேயர் கதிரையிலை இருந்த முதல் நாளே "அந்தத் திட்டம் முடிஞ்சுது" எண்டிட்டார். வாயைத் திறந்தால் சப்வே, சப்வே, சப்வே. 2012இலை நகரசபை அவரைத் தோக்கடிச்சு எல்.ஆர்.ரியைத் திருப்பிக் கொண்டந்தது. 2013இலை அதே நகரசபை திரும்பிப் படுத்து, ஐப்பசி 8ஆந் திகதி 24க்கு 20 எண்டு மூண்டு தரிப்புச் சப்வேக்கு வாக்குப் போட்டுது. ஏழு மூண்டாச்சுது. 1.8 பில்லியன் 3.56 பில்லியனாச்சுது. முழுக்க மற்றவன் தாற காசு போய், உங்கடை வீட்டு வரியிலை மூண்டு வருசத்திலை படிப்படியாய் 1.6 வீதம் ஏத்தி, அதை 30 வருசம் கட்டுற கடனாச்சுது. ஒட்டாவாவிலை ஹார்ப்பர் அரசாங்கம் 660 மில்லியன் போடுறம் எண்டு ஓடி வந்தது. 2023இலை சப்வே ஓடும் எண்டவை. அந்த 2023ஐ மறக்காமல் வைச்சுக்கொள், பிறகு தேவைப்படும்.

இதிலை நீ படிக்க வேண்டிய வித்தை 2013 ஆவணியிலை நடந்த இடைத்தேர்தல். ஸ்காபரோ-கில்ட்வுட் தொகுதியிலை லிபரல் கட்சிக்கு நிண்ட மிற்சி ஹண்டர் தன்னைச் சப்வேயின்ரை காவல்காரி எண்டு சொல்லி வாக்குக் கேட்டவ. எல்.ஆர்.ரிக்குக் காசு ஒதுக்கி வைச்சிருந்தது ஆர்? அவவின்ரை லிபரல் அரசாங்கந்தான். வெண்டும் போட்டா. ஆற்றை திட்டம், ஆற்றை காசு எண்டு வாக்குப் போடேக்கை ஒருத்தரும் பாக்கிறேல்லை மோனை. ஊரிலை பாக்கேல்லையே, உங்கை மட்டும் பாப்பினமே?

பிறகு ஜோன் ரோறி மேயராய் வந்தார். அமைதியான மனிசன், வடிவாய் உடுப்பார். 2016இலை மூண்டு தரிப்பை ஒண்டாக்கினார். ஒரேயொரு தரிப்பு! கென்னடியிலை ஏறினால் 6.2 கிலோமீற்றருக்கு அங்காலை ஸ்காபரோ நடுவத்திலைதான் இறங்கலாம். நடுவிலை வீடு இருக்கிறவன் தன்ரை வீட்டுக்குக் கீழாலை ரயில் போற சத்தத்தைக் கேட்டுப் பெருமைப்படலாம். தரிப்பு சுருங்கின மாதிரி விலை சுருங்கேல்லை. முதல் ரெண்டு பில்லியன் எண்டவை, 2017 பங்குனியிலை 3.35 பில்லியன் எண்டிட்டினம். அதே 2017 மார்கழியிலை வோன் பக்கம் நீட்டின சப்வே திறந்தவை: 8.6 கிலோமீற்றர், ஆறு தரிப்பு, 3.2 பில்லியன். ஆறு தரிப்பை விட ஒரு தரிப்பு விலை கூட எண்ட கணக்கை எங்கடை வாத்தியார் ஒருத்தரும் படிப்பிச்சுத் தரேல்லை. அந்த ஒரு தரிப்புப் பாதையிலை, ஆகச் சனம் கூடின மணித்தியாலத்திலை ஒரு பக்கமாய் 7,300 பேர் போவினம் எண்டு நகரசபையின்ரை அதிகாரிமாரே எழுதி வைச்சவை. சப்வே ஒண்டு மணித்தியாலத்துக்கு முப்பதாயிரம் பேரை ஏத்தும். மிச்ச இடத்திலை என்னத்தை ஏத்துறது? எங்கடை புகையிலைச் சிப்பத்தை அனுப்பியிருக்கலாம்.

2018இலை றொப்பின்ரை தமையன் டக் போட் மாகாண முதல்வரானார். 2019 சித்திரையிலை, ஒண்டு காணாது, திரும்ப மூண்டு எண்டார். லோறன்ஸ், ஸ்காபரோ நடுவம், செப்பேர்ட். 7.8 கிலோமீற்றர், 5.5 பில்லியன், 2029 - 30இலை முடியும். தம்பி தொடங்கினதைத் தமையன் முடிக்கிறான் எண்ட அளவிலை குடும்பப் பாசம் மெச்ச வேண்டியதுதான். மண் கிண்டுற மிசினுக்குச் சனத்திட்டைப் பேர் கேட்டு, வாக்கெடுப்பு வைச்சு, "டிக்கி ஸ்காடஸ்ட்" எண்டு பேரும் சூட்டினவை. எங்கடை வளவிலை கிணறு வெட்ட வந்தவனுக்கே பேர் தெரியாமல் இருந்த சனம் நாங்கள், எனக்கு இதெல்லாம் புதினம். 2023 தையிலை டிக்கி கிண்டத் தொடங்கினார்.

இனி அந்த 2023க்கு வா. புதுச் சப்வே ஓடியிருக்க வேண்டிய வருசம். ஆடி 24ஆந் திகதி பின்னேரம், எல்ஸ்மியருக்குக் கிட்ட, பழைய ஆர்.ரியின்ரை கடைசிப் பெட்டி கழண்டு தடம் புரண்டுது. அஞ்சு பேருக்குக் காயம். நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. கார்த்திகையிலை மூடுறதாய் இருந்த ரயிலைப் பிறகு திறக்கவேயில்லை. 38 வருசம் ஓடின ரயில், போறதுக்குத் தானே நாள் குறிச்சிட்டுது. அண்டு தொட்டுச் சனம் பஸ்ஸிலை. ஒலிவியா சௌ மேயராய் வந்த பிறகு, பழைய தண்டவாளப் பாதையிலை பஸ்ஸுக்கு றோட்டுப் போடுற வேலை தொடங்கினது. ஏழு தரிப்பு ரயில் ஓடியிருக்க வேண்டிய இடம் அது.

ஏன் இப்பிடி நடந்தது எண்டு கேட்டால் உங்கை படிச்ச ஆக்கள் மணிக்கணக்காய்க் கதைப்பினம். நான் ஊர்க்காரன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். எங்கடை பக்கத்திலை ரெண்டு கோயில். ஒண்டுக்குக் கனடாக் காசிலை கோபுரம் எழும்பினவுடனை மற்றக் கோயிலுக்கு அதைவிட ஒரு நிலை கூட எழும்பினது. கும்பிடச் சனம் இல்லை, பாதி வீடு பூட்டு, மிச்சத்திலை பனங்கூடல். குடிக்கிற தண்ணி பவுசரிலை வருகுது. ஆனால் கோபுரம் வள்ளத்திலை வரேக்கையே தெரியும். ரொறன்ரோ நடுப் பட்டினத்துக்குச் சப்வே இருக்கு, எங்களுக்கு ட்ராமோ எண்டு கேட்டவனுக்குத் தேவைப்பட்டது ரயில் இல்லை, கோபுரம். அதை அரசியல்வாதி மணந்து பிடிச்சான். பயணம் விக்கிறதை விட மரியாதை விக்கிறது லேசு, மரியாதைக்குக் கால அட்டவணை இல்லை.

உடனை ஸ்காபரோச் சனத்தை விசரர் எண்டு போய்ச் சொல்லிப்போடாதை. கட்டுக்காசும் வராது, நியாயமுமில்லை. 1998இலை ஸ்காபரோவை ரொறன்ரோவோடை சேத்தவை. வரி ஒண்டு, டிக்கட் காசு ஒண்டு, ஆனால் பனியிலை நிக்கிறது மட்டும் அவங்கள். நடுப் பட்டினத்தார் அந்தப் பக்கத்தை நக்கலடிக்கிற தொனியை நான் உங்கை நிக்கேக்கை கேட்டனான். பண்ணைப் பாலத்துக்கு அங்காலை இருக்கிறவை "தீவார்" எண்டு இழுத்துச் சொல்லுற அதே தொனி. அதைக் கேட்டு வளந்தவனுக்குக் கோபம் வரும். வரத்தான் வேணும். அந்தக் கோபத்திலைதானே வேலணையிலையிருந்து எங்கடை புங்குடுதீவுக்குக் கடலுக்குள்ளாலை றோட்டு வந்தது. வாணர் சகோதரர் பாடுபட்டதாலை வாணர் பாலம் எண்டு இண்டைக்கும் அவையின்ரை பேர்தான் நிக்குது. இண்டைக்கு 776ஆம் நம்பர் பஸ் யாழ்ப்பாணத்திலையிருந்து நேரை குறிகட்டுவானுக்கு வருகுது. வித்தியாசம் என்னெண்டால், அவை கேட்டது போக வர ஒரு றோட்டு. மற்றவன்ரை றோட்டை விடப் பெரிய றோட்டு எண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தால் இப்பவும் வள்ளந்தான்.

உலகத்திலை எல்லாரும் இப்பிடித்தானோ எண்டு நீ கேப்பாய். இல்லை. ஸ்பெயினிலை மட்றிட் காரர் புறநகருக்குச் சுத்தி 40 கிலோமீற்றர் சுரங்கப் பாதை, 28 நிலையத்தோடை, 2003இலை திறந்தவை. கிண்டத் தொடங்கி மூண்டு நாலு வருசம். அவை தரிப்பை எண்ணி வாக்குப் போடேல்லை, ஒருக்கால் தீர்மானிச்சால் அதிலை நிண்டவை. எங்கடை ஆக்களின்ரை பக்கம் வந்தால் கதை வேறை. கொழும்பிலை மாலபே - கோட்டை இலகு ரயிலுக்கு யப்பான்காரன் 0.1 வீத வட்டியிலை கடன் தந்தான். 40 வருசத்திலை கட்டினால் காணும், முதல் 12 வருசம் கட்டவே தேவையில்லை. உன்ரை மாமன் சீட்டுக் காசுக்கு எடுக்கிற வட்டியை நினைச்சுப் பார். 2020 புரட்டாதியிலை கோத்தபாய அரசாங்கம் செலவு கூட எண்டு சொல்லித் திட்டத்தை மூடிச்சுது. அதுக்குப் பிறகு ரெண்டு வருசத்திலை நாட்டிலை என்ன மிஞ்சினது எண்டு உனக்கே தெரியும். சென்னையிலை மெட்ரோ ரெண்டாங் கட்டத்துக்கு 2020 கார்த்திகையிலை டெல்லி உள்துறை மந்திரி அமித் ஷா வந்து அடிக்கல் நாட்டினார். அதே டெல்லி அந்தத் திட்டத்துக்கு ஓம் எண்டு சொன்னது 2024 ஐப்பசியிலை. கல்லு முன்னுக்கு, காசு பின்னுக்கு. சென்னைக்காரர் நாலு வருசம் அந்த ஓமுக்குக் காத்திருந்தவை.

இப்ப உன்ரை கூட்டத்துக்கு வருவம். ஒரு புளுகன் மாதிரி நிண்டு, "நான் வந்தால் சப்வேயைக் கெதியாய் முடிப்பன்" எண்டு சொல்லாதை. அது இப்ப நகரசபையின்ரை கையிலை இல்லை. மாகாணம் எடுத்திட்டுது, மெற்றோலிங்ஸ் எண்ட அவையின்ரை நிறுவனந்தான் கட்டுது. நகரசபை உறுப்பினருக்கு அந்தச் சுரங்கத்திலை ஒரு மண்வெட்டி மண் அள்ளுற அதிகாரமும் கிடையாது. உனக்குப் போட்டியாய் நிக்கிறவன் இதைச் சொல்லமாட்டான். மஞ்சள் தொப்பி போட்டு, குழிக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்துப் போடுவான். நீயும் எடுக்கிறதெண்டால் எடு, ஆனால் தொப்பி உன்ரை தலைக்குப் பெரிசு, காது தெரியாது. சனத்துக்குக் காது தெரியிறது நல்லது.

உன்ரை அதிகாரத்துக்குள்ளை இருக்கிறது பஸ். எத்தினை நிமிசத்துக்கு ஒண்டு வருகுது, பனியிலை நிக்க ஒரு கூடாரம் இருக்கோ, மார்க்கம் றோட்டிலை பஸ்ஸுக்குத் தனிப் பாதை விடலாமோ, கென்னடியிலை வயசுபோனதுகளுக்கு மின்னேணி வேலை செய்யுதோ எண்டதெல்லாம் நகரசபையிலை நீ வாயைத் திறந்து கேக்கலாம். 2030 எண்டு சொல்லுறது 2030இலை முடிஞ்சாலும், அதுமட்டும் அந்தச் சனம் பஸ்ஸிலைதான் வேலைக்குப் போகும், பிள்ளையைப் பள்ளிக்கு விடும், ஆசுப்பத்திரிக்குப் போகும். ஏழு தரிப்புக் கதையை ஆரும் கிளறினால், "விட்டது விட்டதுதான், உங்கடை தரிப்பிலை இண்டைக்குப் பஸ் எத்தினை மணிக்கு வந்தது?" எண்டு திருப்பிக் கேள். மண்டபத்திலை அரைவாசி கை எழும்பும். மற்ற அரைவாசி இன்னும் பஸ்ஸிலை வந்துகொண்டிருக்கும்.

கொப்பர் உனக்குக் கார் தருவார் எண்டு தெரியும். வேண்டாம் எண்டு சொல்லு. கூட்டத்துக்குக் கென்னடியாலை பஸ்ஸிலை போ. பிந்தித்தான் போவாய். ஏன் பிந்தினது எண்டு சனம் கேக்கும், அதுக்குச் சொல்லுற மறுமொழியிலை உன்ரை பேச்சைத் தொடங்கு.

இப்படிக்கு,
அப்பு
இறுப்பிட்டி